கிச்சன் கேபினட்டுக்குத் தெளிவான கொட்டேஷன் வாங்குவது எப்படி

ஒரே சமையலறைக்கு மூன்று இடத்தில் விலை கேட்டால் மூன்று தொகை வரும். அதில் பெரியது சின்னதைவிட இரண்டு மடங்காகக்கூட இருக்கும். உடனே நாம் குறைவாகச் சொன்னவர் நியாயமானவர், அதிகமாகச் சொன்னவர் ஏமாற்றுகிறார் என்று முடிவு கட்டிவிடுகிறோம், ஆனால் பெரும்பாலான நேரம் மூன்று பேரும் மூன்று வேறு சமையலறைக்கு விலை போட்டிருப்பார்கள். ஒருவர் பெட்டிக்கு மரத்தூளை அழுத்திச் செய்த பார்ட்டிகிள் போர்டு என்று கணக்குப் பார்த்திருப்பார், இன்னொருவர் தண்ணீரைத் தாங்கும் மரைன் பிளைவுட், மூன்றாமவர் டிராயர் எதையும் சேர்க்காமல் வெறும் கதவும் தட்டும் மட்டும். "இந்தக் கிச்சனுக்கு எவ்வளவு ஆகும்" என்று கேட்டு நிறுத்திக்கொண்டால் மீதியை அவரவர் வழக்கப்படி நிரப்பிக்கொள்ளத்தான் செய்வார்கள். அதனால் என்ன வேண்டும் என்பதை நாமே ஒரு தாளில் எழுதி, எல்லோரிடமும் அதே தாளைக் கொடுத்து விலை கேட்க வேண்டும். மொத்த வேலையிலும் உங்கள் பணத்தை அதிகம் காப்பாற்றப் போவது அந்தத் தாள்தான்.

முதலில் அளவு. டேப்பை எடுத்து நீங்களே அளந்துவிடுங்கள், மில்லிமீட்டரில் எழுதுங்கள், அடி அங்குலத்தில் எழுதினால் ஒருவர் அரை அங்குலத்தை மேலே ஏற்றிக்கொள்வார், இன்னொருவர் விட்டுவிடுவார். ஒவ்வொரு சுவரையும் தரையோரம், மேடை உயரம், தலைக்கு மேல் என மூன்று இடத்தில் அளந்து பாருங்கள், எந்தச் சுவரும் முழுக்க நேராக இருக்காது, அதில் வரும் குறைந்த அளவுதான் பெட்டிக்குக் கிடைக்கிற இடம். ஜன்னல் எங்கே தொடங்குகிறது, அதன் அடிப்பக்கம் தரையிலிருந்து எவ்வளவு உயரம், தண்ணீர்க் குழாய், வடிகால், கேஸ் லைன், பிளக் பாயிண்ட், தூண், பீம் எல்லாவற்றையும் கையால் வரைந்த படத்தில் குறித்துவிடுங்கள். படம் அழகாக இருக்க வேண்டியதில்லை, எண்கள் சரியாக இருந்தால் போதும். ஃபிரிட்ஜ், அவன், பாத்திரம் கழுவும் மெஷின், அடுப்பு, சிம்னி ஆகியவற்றின் மாடலும் அகலமும் தெரிந்தால் அதையும் பக்கத்தில் எழுதுங்கள்.

ஆனால் இது விலை கேட்பதற்கான அளவு மட்டும்தான். தயாரிப்புக்கான அளவை வேலை எடுப்பவரே வந்து எடுக்க வேண்டும், அதுவும் டைல்ஸ் ஒட்டி, பூச்சு வேலை முடிந்த பிறகு. இதை கொட்டேஷனிலேயே எழுதி வாங்குங்கள். அளவு தப்பிப் பெட்டி உட்காராமல் போனால் அந்தச் செலவு யாருடையது என்ற கேள்விக்கு அப்போதே பதில் கிடைத்துவிடும்.

அடுத்தது, எங்கே என்ன பெட்டி. கீழ்ப்பெட்டி பொதுவாக 560 முதல் 600 மில்லிமீட்டர் ஆழம், மேல்பெட்டி 300 முதல் 350, மேடையின் உயரம் 850 முதல் 900 வரை இருக்கும், உங்கள் உயரத்துக்கு எது வசதியோ அதைத் தீர்மானித்து எழுதுங்கள். அதைவிட முக்கியம், எந்தப் பெட்டிக்குக் கதவு, எந்தப் பெட்டிக்கு டிராயர், எத்தனை டிராயர் என்பது. விலையை ஏற்றி இறக்குவதில் டிராயருக்குப் பெரிய பங்கு உண்டு, ஏனென்றால் ஒவ்வொரு டிராயருக்கும் தனிப் பெட்டி, அது ஓடுவதற்குத் தனி சேனல், தனி முகப்பு, தனி வேலை. 600 அகலத்தில் ஒரு கதவும் ஒரு தட்டும் உள்ள பெட்டியும், அதே அகலத்தில் மூன்று டிராயர் உள்ள பெட்டியும் வெளியிலிருந்து பார்த்தால் ஒரே அளவுதான், விலை ஒன்றாக இருக்காது. மூலையில் வரும் பெட்டியும் அப்படித்தான்: உள்ளே வெறும் தட்டா, சுழலும் தட்டா, வெளியே இழுத்து வரும் அமைப்பா என்று எழுதாவிட்டால் ஒவ்வொருவரும் ஒவ்வொன்றைப் போடுவார்கள்.

பொருள் என்று வரும்போது "பிளைவுட்" என்ற ஒரு சொல்லோடு நிறுத்தாதீர்கள். பெட்டியின் உடம்பு ஒரு பொருள், கதவு வேறு பொருள், பின்பலகை வேறு, இந்த மூன்றையும் தனித்தனியாகக் கேளுங்கள். உடம்பு என்றால் பிளைவுட்டா, மர இழையை அழுத்திச் செய்த எம்.டி.எஃப்பா, பார்ட்டிகிள் போர்டா, எந்த ரகம், 16 மில்லிமீட்டரா 18ஆ. பிளைவுட்டில் ஈரத்தை ஓரளவு தாங்கும் ரகமும் உண்டு, கொதிநீரில் வைத்துச் சோதித்த பசை கொண்ட ரகமும் உண்டு, சிங்க் கீழே வரும் பெட்டிக்கு இரண்டாவதைக் கேட்பது நல்லது, மற்ற இடத்தில் அவ்வளவு தேவையா என்பது உங்கள் கையிருப்பைப் பொறுத்தது. கதவுக்கு மேலே ஒட்டுவது லேமினேட்டா, அக்ரிலிக்கா, பெயிண்ட்டா, உள்பக்கத்துக்கும் அதே பூச்சா அல்லது சாதா வெள்ளையா என்று எழுதுங்கள். பின்பலகை 3 மில்லிமீட்டரிலும் வரும், 6, 8 மில்லிமீட்டரிலும் வரும், மெல்லியதைப் போட்டுவிட்டு விலையைக் குறைத்துக் காட்டுவது எளிது, பெட்டி மாட்டிய பிறகு அது கண்ணுக்கே படாது. ஓரங்களில் ஒட்டும் எட்ஜ் பேண்ட் எத்தனை மில்லிமீட்டர், எல்லா ஓரத்துக்கும் உண்டா அல்லது முன்பக்கம் மட்டுமா என்றும் கேட்டுவிடுங்கள். ஒட்டாமல் விட்ட ஓரத்தின் வழியாகத்தான் தண்ணீர் உள்ளே போய்ப் பலகை ஊதும், அதனால் இதைச் சின்ன விஷயம் என்று விட மனம் வரவில்லை.

கீல், சேனல் விஷயத்தில் கம்பெனி பெயர் மட்டும் போதாது. ஹெட்டிக், பிளம் மாதிரி பெரிய பெயர்களிலும் பல தர வரிசைகள் இருக்கின்றன, பெயரை மட்டும் எழுதிவிட்டுக் கீழ் வரிசையைப் போடலாம், எழுதியதை மீறியதாகவும் ஆகாது. மாடல் பெயர், அடிக்காமல் மெதுவாக மூடும் சாஃப்ட் குளோஸ் உண்டா, டிராயர் முழுக்க வெளியே வருமா அல்லது முக்கால்வாசிதானா, ஒரு ஜோடி சேனல் எத்தனை கிலோ தாங்கும், இவ்வளவும் வேண்டும். கனமான பாத்திரம் வைக்கும் டிராயருக்கும் ஸ்பூன் டிராயருக்கும் ஒரே சேனல் போட வேண்டியதில்லை, பிரித்துக் கேட்டால் அங்கேயே கொஞ்சம் மிச்சமாகும்.

சரி, இப்போது விலையை எதன் பேரில் கணக்கிடுகிறார்கள் என்பதற்கு வருவோம், குழப்பம் பெரும்பாலும் இங்கேதான் பிறக்கிறது. ரன்னிங் ஃபுட் என்றால் நீளத்துக்கு இவ்வளவு. எல் வடிவ சமையலறையில் ஒரு சுவர் 10 அடி, இன்னொரு சுவர் 8 அடி என்று வைத்துக்கொள்ளுங்கள். இரண்டையும் கூட்டினால் 18, ஆனால் மூலையில் இருக்கும் 2 அடி ஆழம் இரண்டு பக்கமும் எண்ணப்பட்டிருக்கிறது, அதை ஒரு தடவை மட்டும் எண்ணினால் 16. ஒருவர் 18 போட்டு, இன்னொருவர் 16 போட்டு, ரேட் மட்டும் ஒன்றாக இருந்தால் 18 போட்டவர் எட்டில் ஒரு பங்கு கூடுதலாகக் கேட்கிறார் என்று அர்த்தம், அவரும் அதை மறைக்கவில்லை, நாம்தான் கேட்கவில்லை. எப்படி எண்ணுகிறார் என்று கேளுங்கள், மூலைக்கு ஒரே கணக்கா என்று கேளுங்கள்.

சதுர அடிக் கணக்கில் இன்னும் கவனம் வேண்டும். எந்தப் பரப்பை அளக்கிறார்கள்? 8 அடி நீளக் கீழ்ப்பெட்டிக்குக் கதவு உயரம் இரண்டரை அடி என்றால் 20 சதுர அடி. அதையே தரையிலிருந்து மேடையின் அடிவரை, பெட்டிக்குக் கீழே தரையோரம் மறைக்கும் ஸ்கர்ட்டிங் பட்டையையும் சேர்த்து 2.75 அடி என்று எடுத்தால் 22. வேலையில் எந்த மாற்றமும் இல்லாமல் 10 சதவீதம் கூடிவிட்டது. சிலர் பெட்டிக்கு ஒரு ரேட், கதவுக்கு ஒரு ரேட் என்று அதே பரப்பை இரண்டு முறை எண்ணுவார்கள், இரண்டு ரேட்டும் தனித்தனியாகப் பார்த்தால் குறைவாகத் தெரியும். உள்ளே இருக்கும் டிராயர் சதுர அடிக்குள் வருமா, தனியா என்பதும் அங்கங்கே மாறும். அதனால் ரேட்டை மட்டும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒப்பிடுவதில் பிரயோஜனம் இல்லை, எத்தனை சதுர அடி என்று வந்தது, அது எப்படி வந்தது என்ற கணக்கோடு கேட்டு வாங்குங்கள்.

என்னைக் கேட்டால், பெட்டி பெட்டியாக விலை போட்டுத் தருபவரிடம் கேட்பதே நல்லது: இந்தப் பெட்டி, அகலம் உயரம் ஆழம் இவ்வளவு, உள்ளே இன்னது, விலை இவ்வளவு. அப்படித் தந்தால் நாளைக்கு ஒரு பெட்டியை எடுத்துவிட்டாலும் ஒரு டிராயரைச் சேர்த்தாலும் எவ்வளவு மாறும் என்று நமக்கே தெரியும். மொத்தத் தொகை மட்டும் சொல்பவரிடமும் இப்படிப் பிரித்துக் கேளுங்கள், நல்லபடியாக வேலை செய்கிறவர்களுக்கு உள்ளே இந்தக் கணக்கு எப்படியும் இருக்கும், பலகை வெட்டுவதற்கே அது தேவை.

வீட்டுக்கே ஆசாரியை வரவழைத்துச் செய்கிறீர்கள், பொருள் நீங்கள் வாங்கித் தருகிறீர்கள் என்றால் கேள்வி கொஞ்சம் மாறும். ஒரு முழு ஷீட் 8 அடிக்கு 4 அடி, அதாவது 32 சதுர அடி. எந்தத் தடிமனில் எத்தனை ஷீட் தேவை என்பதை அவரிடம் முன்கூட்டியே எழுதி வாங்குங்கள், வெட்டில் எவ்வளவு வீணாகும் என்பதையும் அதிலேயே சேர்க்கச் சொல்லுங்கள். லேமினேட், பசை, ஸ்க்ரூ, எட்ஜ் பேண்ட் யார் கணக்கு என்பதையும் கேட்டுவிடுங்கள்.

இனி, கொட்டேஷனில் வராமல் பிறகு வந்து நிற்பவை. சுவருக்கும் பெட்டிக்கும் நடுவில் அடைக்கும் ஃபில்லர், வெளியே தெரியும் பக்கவாட்டுப் பேனல், ஸ்கர்ட்டிங், கைப்பிடி, மேல்பெட்டிக்குக் கீழே லைட், மேடைக் கல், அதில் சிங்க்குக்கும் அடுப்புக்கும் வெட்டும் ஓட்டை, ஓரம் பாலிஷ், பழைய அலமாரியைக் கழற்றுவது, இடிபாட்டை அப்புறப்படுத்துவது, பிளம்பர் வேலை, எலக்ட்ரிக்கல் வேலை, வண்டி வாடகை, மாடி ஏற்றும் கூலி, பொருத்தும் கூலி, வரி. இவை ஒவ்வொன்றுக்கும் எதிரே உண்டு, இல்லை, தனி விலை என்ற மூன்றில் ஒன்றை எழுதித் தரச் சொல்லுங்கள். காலியாக விட்டிருந்தால் "இல்லை" என்றே எடுத்துக்கொண்டு ஒப்பிடுங்கள். குறைவான கொட்டேஷன் என்று நினைத்தது இந்த இடத்தில்தான் பல தடவை மேலே போகும்.

எழுத்தில் வரும் இரண்டு வார்த்தைகளையும் பார்த்து வையுங்கள். "அல்லது அதற்கு இணையான" என்று இருந்தால், மாற்றுப் பொருள் போடுவதற்கு முன்பு உங்கள் ஒப்புதல் வேண்டும் என்று கூடவே எழுதச் சொல்லுங்கள். கைப்பிடிக்கு, கல்லுக்கு என்று "உத்தேசத் தொகை" போட்டிருந்தால் அது விலையே இல்லை, நீங்கள் தேர்ந்தெடுப்பது அதைத் தாண்டினால் வித்தியாசம் உங்கள் தலையில். முடிந்தவரை இப்படிப்பட்டவற்றை முன்பே தேர்ந்தெடுத்துவிட்டு விலை கேளுங்கள்.

பட்ஜெட்டைச் சொல்லலாமா என்று பலருக்கும் தயக்கம். கையில் தாள் இல்லாமல் சொன்னால் அந்தத் தொகைக்கு ஏற்றபடி ஒரு கிச்சன் வந்து நிற்கும், உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியாது. தாள் கொடுத்த பிறகு தாராளமாகச் சொல்லுங்கள், எதைக் குறைத்தால் அதற்குள் வரும் என்று அவர்களே வழி காட்டுவார்கள். பேரம் பேசும்போதும் சும்மா பத்து சதவீதம் குறையுங்கள் என்பதைவிட, மூலை அமைப்பை வெறும் தட்டாக்கினால் எவ்வளவு குறையும், மேல்பெட்டிக் கதவை அக்ரிலிக்கிலிருந்து லேமினேட்டுக்கு மாற்றினால் எவ்வளவு என்று கேளுங்கள். எதுவும் மாறாமல் தொகை மட்டும் சட்டென்று இறங்கினால், எந்த வரியில் இறங்கியது என்று திருத்திய கொட்டேஷனை வாங்கிப் பார்க்காமல் ஒப்புக்கொள்ளாதீர்கள். மாற்று யோசனை சொல்பவர்களிடம் தனி வரியில் எழுதித் தரச் சொல்லுங்கள், நீங்கள் கேட்டதற்கான விலை முதலில் அப்படியே இருக்கட்டும்.

கடைசியாக, இந்த விலை எத்தனை நாள் செல்லும், அட்வான்ஸ் கொடுத்ததிலிருந்து எத்தனை நாளில் பொருத்தித் தருவார்கள், வாரண்டி பலகைக்கு எவ்வளவு, கீலுக்கு எவ்வளவு, பழுது பார்க்க வரும் கூலி அதில் அடங்குமா என்பதெல்லாம் அதே தாளில் வர வேண்டும். பணத்தை வேலையின் படிகளோடு கட்டுங்கள்: ஆர்டருக்கு ஒரு பங்கு, பெட்டிகள் வந்து இறங்கியதும் ஒரு பங்கு, கடைசிக் கதவு சரிசெய்து டிராயர்கள் எல்லாம் ஓடிய பிறகு ஒரு பங்கு, அந்தக் கடைசிப் பங்கு பெயருக்கு இல்லாமல் கணிசமாக இருக்கட்டும். நடுவில் ஏதாவது மாற்றினால் எவ்வளவு கூடும் குறையும் என்று மெசேஜிலாவது எழுத்தில் வந்த பிறகே சரி சொல்லுங்கள். அட்வான்ஸ் கொடுக்கும் நாளில் படத்தின் ஒவ்வொரு பக்கத்திலும் தேதி போட்டு இருவரும் கையெழுத்திட்டு, கொட்டேஷனில் "இந்தத் தேதியிட்ட படத்தின்படி" என்ற வரி இருக்கிறதா என்று பார்த்துவிட்டுப் பணத்தை எடுங்கள்.