மங்குக்கு மூலிகை பூசுவதற்கு முன்

பினாங்கு லிட்டில் இந்தியாவில் வாங்கிய அதிமதுரப் பொடியை எலுமிச்சைச் சாற்றில் குழைத்து, கன்னத்து மங்கின் மேல் பூசிக்கொண்டார் சித்தி. காயட்டும் என்று பால்கனிக்குப் போய்த் துணி உலர்த்தினார். பதினொரு மணி வெயில். இரண்டு நாளில் கன்னம் சிவந்து எரிந்தது. சாறு தாடைக்கு வழிந்த தடமெல்லாம் கோடு கோடாகக் கறுத்து, மறையப் பல மாதம் ஆனது.

எலுமிச்சைதான் பெரிய தவறு. அதிலுள்ள ஃபுரானோகூமரின் என்ற வேதிப்பொருள் பட்ட இடத்தில் வெயில் விழுந்தால் சருமம் வெந்து, பிறகு கறுக்கும். மங்கைப் போக்கப் பூசியது புதுக் கறுப்பைக் கொண்டுவந்துவிடும்.

சரி, அதிமதுரம்? அதில் விஷயம் இருக்கிறது. மெலனின் என்ற நிறமி உருவாக டைரோசினேஸ் நொதி வேண்டும். அதிமதுர வேரின் கிளாப்ரிடின் அந்த நொதியைத் தடுக்கிறது. பேர்பெர்ரி என்ற செடியின் இலையில் உள்ள ஆர்புட்டினுக்கும் அதே வேலைதான். ஆனால் கிளாப்ரிடின் தண்ணீரில் எளிதில் கரையாது. பொடியைப் பன்னீரில் குழைத்துப் பூசுவதும், பிரித்தெடுத்த சாரம் சேர்ந்த க்ரீமைப் பூசுவதும் ஒன்றல்ல. பொடி பலிக்கவில்லை என்று மூலிகையைப் பழிக்க வேண்டாம்.

இவை புதிய நிறமி உருவாவதைத்தான் குறைக்கும். ஏற்கெனவே படிந்தது மேல்தோல் உதிர உதிரத்தான் போகும். இரண்டு வாரத்தில் கைவிட்டுவிடாதீர்கள், இரண்டு மூன்று மாதமாவது பொறுங்கள். அதுவரை சன்ஸ்கிரீன் இல்லாமல் வெளியே போவது ஓட்டைக் குடத்தில் தண்ணீர் ஊற்றுவதுதான். நம் ஊரில் ஆண்டு முழுக்க ஒரே வெயில், மேகம் மூடினாலும் கதிர் வரும். எஸ்.பி.எஃப். 30க்குக் குறையாமல் பூசி, வெளியிலேயே இருந்தால் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை மறுபடி பூசுங்கள். மங்கு உள்ளவர்களுக்கு அயர்ன் ஆக்சைடு கலந்த, நிறமேறிய சன்ஸ்கிரீன் இன்னும் நல்லது. கண்ணுக்குத் தெரியும் ஒளியும் மங்கைக் கூட்டும்.

அப்புறம், பாசார் மாலாம் என்ற இரவுச் சந்தையில் லேபிள் இல்லாத டப்பாவில் விற்கும் 'மூலிகை' க்ரீம். ஒரே வாரத்தில் முகம் வெளுத்தால் சந்தோஷப்படாதீர்கள், சந்தேகப்படுங்கள். அப்படிப்பட்ட க்ரீம்களில் பாதரசமோ ஹைட்ரோகுவினோனோ கலந்திருந்து பிடிபட்டதுண்டு. பாதரசம் சிறுநீரகத்தையே கெடுக்கும். ஹைட்ரோகுவினோன் டாக்டர் பார்த்துத் தரவேண்டிய மருந்து. டப்பாவில் 'நோட்' (NOT) என்று தொடங்கும் அறிவிப்பு எண் இருக்கிறதா என்று பார்த்து, அதை மருந்து, அழகுப் பொருள்களைக் கண்காணிக்கும் மலேசிய அரசு அமைப்பான என்.பி.ஆர்.ஏ.வின் இணையத்தளத்தில் தேடுங்கள். அறிவிப்பு ரத்தான பொருள்களின் விவரமும் அங்கேயே கிடைக்கும்.

பிறவி மாநிறம் நோயல்ல, அதற்கு எந்த க்ரீமும் வேண்டாம். மங்குக்கு மட்டும் வைத்தியம் பாருங்கள். கர்ப்பமாக இருந்தால் எதைப் பூசுவதற்கு முன்னும் கிளினிக்கில் கேட்டுவிடுங்கள்.