கெக்கோ முட்டையைக் கோழி முட்டை மாதிரி அடைவைக்க வேண்டாம்

யாழ்ப்பாணத்தில் வீட்டிலேயே முட்டை பொரிக்க வைக்கத் தெரிந்தவர்கள் நிறையப் பேர். ஒரு ரெஜிபோம் பெட்டி, ஒரு குண்டு பல்ப், சூட்டைக் கட்டுப்படுத்த ஒரு டபிள்யூ1209 போர்ட்: நாட்டுக்கோழிக்கு இவ்வளவும் போதும். 37.5 பாகையில் 21 நாள் வைத்து, தினமும் சில தடவை புரட்டிவிட்டால் குஞ்சு வந்துவிடும். செல்லமாக வளர்க்கும் பல்லி வகையான லெப்பேர்ட் கெக்கோவின் முட்டையையும் அதே பெட்டியில் அதே கைப்பழக்கத்தோடு வைத்தால் ஒன்றுகூடத் தேறாது. அந்தச் சூடும் கருவைக் கொல்லும், அந்தப் புரட்டலும் கொல்லும்.

இட்ட ஒரு நாளுக்குள்ளேயே கரு ஓட்டின் உட்பக்கத்தில் ஒட்டிக்கொள்ளத் தொடங்கும். பிறகு முட்டை தலைகீழானால் கரு மஞ்சட்கருவின் கீழே அகப்பட்டுச் சாகும். எனவே முட்டையைக் கண்டதும், எடுக்கும் முன்பே மேற்பக்கத்தில் பென்சிலால் ஒரு சிறு புள்ளி வையுங்கள். மார்க்கர் பேனை வேண்டாம். ஓடு தோல் போல மென்மையானது, மை உள்ளே ஊறும். அந்தப் புள்ளி மேலே இருக்கும்படியே கடைசி வரை வைத்திருக்கவேண்டும். சினையாக இருக்கும் பெண்ணின் கூட்டில் ஈரமான மண் போட்ட முட்டைப்பெட்டி ஒன்று வைத்து, தினமும் காலையில் பாருங்கள். சோளகக் காற்று வீசும் மாதங்களில் வெறுந்தரையில் இட்ட முட்டை சில மணித்தியாலத்திலேயே சுருங்கிவிடும்.

சூட்டில்தான் இங்கே கூடுதலான முட்டைகள் போகின்றன. லெப்பேர்ட் கெக்கோவில் குஞ்சு ஆணா பெண்ணா என்பதை அடைகாக்கும் வெப்பநிலையே தீர்மானிக்கிறது. 26 முதல் 28 பாகையில் பெரும்பாலும் பெண், 30 பாகையளவில் இரண்டும் கலந்து, 32 பாகையை ஒட்டி பெரும்பாலும் ஆண். 34ஐ நெருங்கினால் மறுபடி பெண்களே கூடுதலாக வரும், ஆனால் அது கருவின் உயிருக்கு ஆபத்தான எல்லை. குறைந்த சூட்டில் இரண்டு மாதம் வரை எடுக்கும், 32இல் ஒன்றரை மாதத்தில் பொரிக்கும்.

தேர்மோஸ்ரற் பூட்டிவிட்டோம், இனிப் பயமில்லை என்று நினைப்பது பெரிய பிழை. அது சூடாக்கியை நிறுத்துமே தவிர, பெட்டியைக் குளிர்விக்காது. சித்திரை, வைகாசி வெயிலில் தகரமோ அஸ்பெஸ்ரஸ் சீற்றோ போட்ட அறை தானாகவே 34ஐத் தாண்டும். காற்றாடி பூட்டினாலும் அறையின் சூட்டுக்குக் கீழே போகாது. வீட்டில் ஓடு போட்ட உள்ளறை இருந்தால் அதில் யன்னல் வெயில் படாத மூலையில் பெட்டியை வையுங்கள். உள்ளே ஒன்றரை லீற்றர்த் தண்ணீர்ப் போத்தல்கள் நாலை அடுக்கினால் சூடு சட்டென ஏறி இறங்காது. பகலில் ஏறினால் அவற்றில் இரண்டை எடுத்துவிட்டுக் குளிர்ந்த போத்தல்களை வைக்கலாம். முட்டை டப்பாவில் அவை முட்டக்கூடாது.

டபிள்யூ1209இல் இன்னொரு கவனம். கடையில் வாங்கியபடியே விட்டால் அது 2 பாகை இடைவெளியில்தான் அணைந்து எரியும். பி1 என்ற அமைப்பை 0.5க்குக் குறையுங்கள். உணரியைப் பெட்டியின் மூடியில் தொங்கவிடாமல் முட்டை இருக்கும் உயரத்தில் வையுங்கள். குண்டு பல்ப் காற்றை உலர்த்தும்; சிறிய வெப்பப்பாய் நல்லது.

கரண்ட் போனால் பதற வேண்டாம். சில மணித்தியாலம் 24 பாகைக்கு இறங்கினால் பொரிப்பது கொஞ்சம் பிந்தும், அவ்வளவுதான். பயத்தில் அடுப்படியில் கொண்டுபோய் வைத்தால்தான் முட்டை போகும்.

அடுத்தது ஈரம். வெர்மிகுலைட் (ஈரத்தைப் பிடித்துவைக்கும் இலேசான கனிமத் துகள்) 100 கிராமுக்குத் தண்ணீர் 100 கிராம் என்று தராசில் நிறுத்துக் கலக்கவேண்டும். தராசு இல்லையென்றால் ஒரு பிடியை இறுக்கிப் பிழியுங்கள்: உருண்டையாக நிற்கவேண்டும், தண்ணீர் ஒழுகக்கூடாது. கடல் மண் ஒருநாளும் வேண்டாம், உப்பு முட்டையிலிருந்து ஈரத்தை இழுத்துவிடும். கிணறு உவர் என்றால் அந்தத் தண்ணீரும் அப்படித்தான். கொதித்தாறிய மழைத்தண்ணீரோ போத்தல் தண்ணீரோ பாவியுங்கள். தென்னந்தும்புத்தூளில் ஈரம் அளவோடு நிற்காது, பூஞ்சணமும் பிடிக்கும்.

மூடியுள்ள ஒரு லீற்றர் பிளாஸ்ரிக் டப்பாவில் இந்தக் கலவையை 4 முதல் 5 சென்ரிமீற்றர் ஆழத்துக்குப் போட்டு, முட்டையைப் பாதி புதையும்படி வையுங்கள். பக்கத்தில் இரண்டு சிறு துளை போதும். பிறகு முழு டப்பாவையும் நிறுத்து, நிறையை மூடியிலேயே எழுதிவிடுங்கள். வாரத்துக்கு ஒருமுறை திறந்து காற்று மாற்றும்போது மறுபடி நிறுத்துப் பார்த்தால் எவ்வளவு தண்ணீர் ஆவியாகிப் போனது என்று துல்லியமாகத் தெரியும். அந்தளவை ஓரத்தால் ஊற்றுங்கள், முட்டையின் மேல் ஒரு துளியும் விழக்கூடாது. நடுக்காலத்தில் முட்டை குழிந்தால் காரணம் வறட்சி. கடைசி நாட்களில் குழிவதும் வியர்ப்பதும் பொரிக்கப்போகும் அறிகுறி.

ஒரு வாரம் கழிந்ததும் இருட்டில், முட்டையைத் தூக்காமல், சிறிய ரோர்ச் லைற்றைப் பக்கத்தில் பிடியுங்கள். இளஞ்சிவப்பும் இரத்தநாளங்களும் தெரிந்தால் கரு உண்டு. மஞ்சளாகவே இருந்தால் பெரும்பாலும் இல்லை. ஆனாலும் நாற்றமெடுத்து அமுங்கும்வரை எறியாதீர்கள். லேசான பூஞ்சணத்தைப் பஞ்சுக்குச்சியால் துடைத்துவிடலாம்.

எறும்பை மறந்துவிடக்கூடாது. முட்டையில் கீறல் விழுந்த மணத்துக்கே வந்துவிடும். பெட்டியை ஒரு ஸ்ரூலில் வைத்து, அதன் கால்களைத் தண்ணீர்க் கிண்ணங்களில் நிறுத்துங்கள். அந்த அறையில் பூச்சிமருந்து அடிக்கவும் நுளம்புத்திரி கொளுத்தவும் வேண்டாம்.

ஓட்டைக் கீறித் தலையை நீட்டிய குஞ்சு பல மணித்தியாலம் அப்படியே கிடக்கும். மிச்ச மஞ்சட்கரு உடம்புக்குள் போகும் நேரம் அது. இழுத்து எடுத்தால் அந்தப் பை கிழிந்து குஞ்சு சாகும். தானாக வெளியே வந்தபின் ஈரமான ரிஷ்யூ விரித்த டப்பாவுக்கு மாற்றுங்கள். முதல் தோல் உரியும்வரை தீனி எடுக்காது. ஒரு தடவைக்கு வழக்கமாக இரண்டு முட்டை. மற்றது இரண்டொரு நாள் பிந்தலாம், அதுவரை டப்பாவை மூடி அதே சூட்டில் விடுங்கள்.