பம்பிள்தேனீ போலிருக்கும் அந்துப்பூச்சியை அறிந்து பதிவது எப்படி

பிரிட்டனின் மேற்குப் பகுதிகளில் மே மாத நடுவிலிருந்து ஜூன் வரை, வெயில் அடிக்கும் ஈரப் புல்வெளிகளுக்குப் போங்கள். அங்கே பம்பிள்தேனீ (மயிரடர்ந்த, பருத்த உடல் கொண்ட தேனீ) ஒன்று அந்தரத்தில் நின்றபடி தேன் குடித்தால் விடாமல் கவனியுங்கள். உண்மையான பம்பிள்தேனீ பூவில் இறங்கி அமர்ந்துதான் குடிக்கும். நீண்ட உறிஞ்சுகுழல், நுனியை நோக்கித் தடிக்கும் உணர்கொம்புகள், கால்கள் இதழைத் தொட்டாலும் ஓயாத இறக்கைகள் என்றால், அது ஹெமாரிஸ் டிட்யஸ் என்ற அந்துப்பூச்சியாக இருக்கலாம். ஆங்கிலத்தில் நேரோ-பார்டர்ட் பீ ஹாக்-மாத் என்பார்கள்.

குழப்பம் வருவது இதன் உறவான ஹெமாரிஸ் ஃபூசிஃபார்மிஸோடுதான். அதன் கண்ணாடி இறக்கையைச் சுற்றி அகலமான செம்பழுப்புக் கரை இருக்கும். வயிற்றின் பட்டையும் செம்பழுப்பு. டிட்யஸுக்குக் கரை குறுகலாக இருக்கும்; பட்டை கறுப்பு. பறக்கும்போது கரை மங்கித் தெரியும் என்பதால் நான் முதலில் பார்ப்பது வயிற்றுப் பட்டையைத்தான். செல்பேசியில் மெதுவியக்கக் காணொளி எடுத்து, பிறகு ஒவ்வொரு சட்டமாக நிறுத்திப் பாருங்கள். ஒற்றைப் புகைப்படத்தைவிட இது பலமடங்கு உதவும்.

பறக்கும் பூச்சியைவிட நான் அதிகம் நம்புவது இலையை. இதன் புழு டெவில்ஸ்-பிட் ஸ்கேபியஸ் என்ற ஊதாப் பூக்கும் காட்டுச்செடியைத் தின்று வளர்கிறது. ஜூலையில் அந்தச் செடியின் இலைகளில், நடுநரம்பின் இருபுறமும் இணை இணையாகச் சிறு துளைகள் இருக்கின்றனவா என்று தேடுங்கள். இலையை மெல்லத் திருப்பினால் அடியில் பச்சை நிறப் புழு இருக்கலாம். பறிக்காதீர்கள், படம் மட்டும் எடுங்கள். பூச்சி மேகம் மூடினால் மறைந்துவிடும். இலைத்துளை மழையிலும் அங்கேயே இருக்கும்.

இந்தச் செடி வளரும் புல்வெளிகளில் வடிகால் வெட்டினார்கள், உரமிட்டார்கள், உழுதார்கள். எஞ்சியவற்றில் சிலவற்றை ஆடுகள் ஒட்ட மேய்ந்தன. சிலவற்றைப் புதர் மூடியது. செடி போனால் பூச்சியும் போகும். அதனால்தான் ஒவ்வொரு பதிவும் எனக்குப் பெரிதாகத் தெரிகிறது.

பதிவுக்கு நான்கு விவரங்கள் கட்டாயம்: எது, எங்கே, எப்போது, யார் பார்த்தது. கிராமத்தின் பெயர் மட்டும் போதாது. இரண்டு எழுத்தும் ஆறு எண்களும் கொண்ட, பிரிட்டன் வரைபடத்தின் கட்டக் குறியீடு (கிரிட் ரெஃபரன்ஸ்) 100 மீட்டர் சதுரத்தைக் காட்டும். குறைந்தது அதையாவது கொடுங்கள். எண்ணிக்கை, வளர்நிலை (புழுவா, பூச்சியா), எந்தப் பூவில் இருந்தது என்பவற்றையும் சேருங்கள். பிரிட்டனில் உயிரினப் பதிவுகளைத் திரட்டும் ஐரெக்கார்ட் இணையதளத்தில் பதியலாம், அல்லது அந்த மாவட்ட அந்துப்பூச்சிப் பதிவாளருக்கு அனுப்பலாம். தனியார் நிலமென்றால் முதலில் அனுமதி கேளுங்கள்; செடி எங்கே இருக்கிறது என்பதை உரிமையாளருக்குக் காட்டிவிட்டும் வாருங்கள்.

கரையும் பட்டையும் தெளிவாகத் தெரியவில்லையென்றால் 'ஹெமாரிஸ்' என்று மட்டும் எழுதி, காணொளியை இணையுங்கள். நல்ல வெயிலில் தேடியும் ஒன்றுமே கிடைக்காத நாளை விட்டுவிடாதீர்கள். தேதி, நேரம், வானிலையோடு அதையும் குறித்துப் பதிவாளருக்கு அனுப்புங்கள்.