மலைவீட்டில் குடும்ப ஜெபம்: இருபது நிமிடம் போதும்

குடும்ப ஜெபம் பாதியில் நின்றுபோன வீடுகளில் விசாரித்தால் பெரும்பாலும் ஒரே கதைதான். புத்தாண்டு ஆராதனை முடிந்து வந்த உற்சாகத்தில், தினம் ஓர் அதிகாரம் என்று பைபிளின் முதல் புத்தகமான ஆதியாகமத்தைத் திறக்கிறார்கள். ஆதியாகமத்தில் 50 அதிகாரம், யாத்திராகமத்தில் 40. லீப் ஆண்டு இல்லையென்றால் மார்ச் 31-ல் இரண்டும் முடிந்து ஏப்ரல் முதல் தேதி லேவியராகமம் வரும். ஆனால் அதுவரை யாரும் தாங்குவதில்லை. மார்ச் 16-ல் யாத்திராகமம் 25 வந்துவிடுகிறது. இஸ்ரவேலர் வழிபட்ட ஆசரிப்புக்கூடாரத்தின் பலகை, கொளுவி, திரை, முழ அளவு. பிள்ளைகளுக்கு அப்போதுதான் பரீட்சை. அது முடிவதற்குள் ஊட்டி, குன்னூர், கோத்தகிரிப் பக்கம் சீசன் தொடங்கி, கீழேயிருந்து சொந்தக்காரர்கள் வந்து நடுவீட்டில் பாய் விரித்திருப்பார்கள். ஜெபம் அன்றோடு நிற்கும். மே மாதம் மலர்க் கண்காட்சி முடிந்தபிறகு மறுபடி தொடங்கலாம் என்பார்கள். அதற்குள் மழை.

இதற்குப் பக்தி குறைந்துவிட்டது என்று பெயர் வைப்பது அநியாயம். தொடங்கிய இடமும் எடுத்துக்கொண்ட நீளமும்தான் தவறு.

எங்கே தொடங்குவது

மாற்கு சுவிசேஷத்தில் தொடங்குங்கள். 16 அதிகாரம், 678 வசனம். ஒரு ராத்திரிக்குச் சுமார் 15 வசனம் என்று வைத்தால் 45 நாள் வரும். இடையில் துக்க வீடு, கல்யாண வீடு, காய்ச்சல் எல்லாம் போக இரண்டு மாதத்தில் முடிந்துவிடும். ஒரு புத்தகத்தை முடித்தோம் என்ற தெம்பு வீட்டுக்கு வேண்டும். அதற்காகத்தான் நான்கு சுவிசேஷங்களில் சிறியதைச் சொல்கிறோம்.

15 என்பது சராசரிக் கணக்குதான். நிகழ்ச்சி எங்கே முடிகிறதோ அங்கே நிறுத்துங்கள். அன்றைக்கு 7 வசனத்தில் முடிந்தால் 7, 20 ஆனால் 20. அதிகார எண்ணைப் பார்த்து நிறுத்தினால் கதை நடுவில் அறுந்து, மறுநாள் பாதிநேரம் நேற்று என்ன படித்தோம் என்று தேடுவதிலேயே போகும்.

அடுத்தது ரூத். நான்கே அதிகாரம், நான்கு ராத்திரி. பிறகு ஆதியாகமம் 12 முதல் 50 வரை. சங்கீதங்களை வரிசையாக எடுக்க விரும்பினால் ஒரு கணக்கைத் தெரிந்துகொள்ளுங்கள்: 119-ஆம் சங்கீதத்துக்கு 176 வசனம். அதை ஒரே ராத்திரியில் எடுத்தால் பாட்டி மட்டும்தான் விழித்திருப்பார். அது எட்டெட்டு வசனமாக 22 பாகமாகவே அமைந்திருப்பதால் 22 நாளுக்குப் பிரித்துவிடலாம். மற்ற 149 சங்கீதங்களோடு சேர்த்தால் 171 நாள்.

1 நாளாகமத்தின் முதல் ஒன்பது அதிகார வம்ச அட்டவணை, லேவியராகமத்தின் பலிமுறைகள் போன்றவற்றைக் குடும்ப ஜெபத்தில் தாண்டிப் போகலாம். 'வேதத்தில் தாண்டுவதற்கு என்ன இருக்கிறது' என்று வீட்டில் பெரியவர்கள் கேட்பார்கள். கேட்பது நியாயமே. அந்தப் பகுதிகளை அவரவர் தனி தியானத்தில் படிக்கட்டும். குடும்ப ஜெபத்தில் ஆறு வயதுப் பிள்ளையும் உட்கார்ந்திருக்கிறது.

கணவன் வீடு சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை), மனைவி வீடு ஆர்.சி. (ரோமன் கத்தோலிக்கம்) என்ற குடும்பங்கள் மலையில் நிறைய. அங்கே ஒருவர் கையில் பழைய மொழிபெயர்ப்பு, இன்னொருவர் கையில் திருவிவிலியம் இருக்கும். ஆதியாகமம் அதில் தொடக்கநூல், யாத்திராகமம் விடுதலைப் பயணம், சங்கீதம் திருப்பாடல். ஒருவர் வாசிக்க மற்றவர் கண்ணால் தொடர்ந்தால் இரண்டு நடையும் மோதிக் குழப்பும். ஆகவே ஒரு புத்தகம் முடியும்வரை ஒரே பைபிள், அடுத்த புத்தகத்துக்கு மற்றது. ஜெபமாலை சொல்லும் வீடாக இருந்தால் வாசிப்பை அதற்கு முன்னால் வையுங்கள். பின்னால் வைத்தால் களைப்பில் அது விட்டுப்போகும்.

நேரமும் இடமும்

பறித்த தேயிலையை எடை போட்டு, கடைக்குப் போய், வீடு சேரும்போதே இருட்டிவிடுகிறது. சாப்பிட்டபிறகு ஜெபம் என்றால் மலைக்குளிரில் யார் கண்ணும் திறந்திருக்காது. சோறு வடித்துவிட்டு, பரிமாறுவதற்கு முன்னால் உட்காருவதுதான் பெரும்பாலான வீடுகளில் நிலைக்கிறது. பசி இருப்பதால் யாரும் பிரசங்கமும் செய்யமாட்டார்கள். இலை அதிகம் வரும் மாதங்களில் ஃபேக்டரியில் ராத்திரி ஷிஃப்ட் இருக்கும். அப்பா வேலைக்குப் போன நாட்களில் ஜெபத்தைத் தள்ளிவைக்காமல் அம்மாவோ மூத்த பிள்ளையோ நடத்தட்டும். 'அப்பா வந்ததும்' என்று சொல்லத் தொடங்கினால் அது ஞாயிற்றுக்கிழமை ஜெபமாகச் சுருங்கிவிடும்.

டிசம்பர், ஜனவரி உறைபனியில் அறையைச் சூடாக்கக் கரி அடுப்பை உள்ளே கொண்டுவந்து கதவு ஜன்னலைச் சாத்தும் பழக்கம் உண்டு. வேண்டாம். எரியும் கரியிலிருந்து வரும் கார்பன் மோனாக்ஸைடுக்கு மணம் இல்லை, கண்ணுக்கும் தெரியாது. ஜெப நேரத்தில் எல்லாருக்கும் தலைவலி, தூக்கம், குமட்டல் என்றால் பிசாசைக் கடிந்துகொள்வதற்கு முன் அடுப்பை வெளியே வைத்து ஜன்னலைத் திறங்கள். அதை உள்ளே வைத்துக்கொண்டு தூங்கினால் உயிருக்கே ஆபத்து. ஒரு கம்பளியை மூன்று பேர் போர்த்திக்கொண்டு உட்கார்ந்தாலே போதுமான சூடு வரும். கம்பளி இருக்கும் இடத்தில் மெழுகுவர்த்தியும் கூடாது. கரண்ட் போகும் ஊரில் சார்ஜ் ஏற்றும் விளக்கு ஒன்றை ஜெபத்துக்கென்றே தனியாக வையுங்கள். வாசிப்பவருடைய தோளுக்குப் பின்னாலிருந்து வெளிச்சம் விழவேண்டும். எதிரில் வைத்தால் கண் கூசும்.

கூடலூர், பந்தலூர்ப் பக்கம் ஜூன், ஜூலையில் தகரக் கூரைமேல் மழை கொட்டும்போது வாசிப்பு யாருக்கும் கேட்காது. கத்திப் படிக்காதீர்கள். அன்றைக்குப் பாட்டை அதிகமாக்கி, எல்லாருக்கும் மனப்பாடமாகத் தெரிந்த 23-ஆம் சங்கீதத்தைச் சேர்ந்து சொல்லி முடித்துவிடலாம்.

பைபிளுக்கும் மழைக்காலம் பகைதான். ஜிப் வைத்த உறை ஈரத்தை உள்ளேயே பிடித்துவைத்துக்கொள்ளும். மெல்லிய தாள்கள் ஒன்றோடொன்று ஒட்டி, ஓரத்தில் பூஞ்சை பிடிக்கும். ஜூன் முதல் உறையைக் கழற்றி, ஈரச்சுவரில் சாயாத அலமாரியில் நிமிர்த்தி வையுங்கள். வெயில் அடிக்கும் நாளில் நிழலில் விரித்துக் காற்றாட விட்டாலே போதும். அடுப்புமேல் காயவைத்தால் தாள் சுருண்டு பசை விட்டுப்போகும். வயதானவர்களுக்கு இந்திய வேதாகமச் சங்கம் வெளியிடும் பெரிய எழுத்துப் பதிப்பு வாங்கிக்கொடுங்கள். தலைமாட்டில் வைக்கக் கனமாக இருக்கிறது என்று குறை சொல்வார்கள், ஆனால் படிப்பார்கள்.

இருபது நிமிடம் எப்படிப் போகும்

ஒரு கீர்த்தனை, பல்லவியும் இரண்டு சரணமும், நான்கு நிமிடம். வாசிப்பு மூன்று, நான்கு. பேச்சு ஆறு. ஜெபம் ஐந்து. பரமண்டல ஜெபத்தோடு முடிவு.

பாட்டில் அடிக்கடி நடக்கும் தவறு சுருதி. குளிரில் தொண்டை கட்டியிருக்கும்போது ஆலயத்தில் பாடுகிற அதே உயரத்தில் எடுத்தால் இரண்டாம் சரணத்தில் எல்லாரும் கைவிட்டுவிடுவார்கள். சற்றுத் தாழ்வாக எடுங்கள். எழுதப் படிக்கத் தெரியாத பாட்டிக்குப் பழைய கீர்த்தனைகள் வரிக்கு வரி தெரிந்திருக்கும். எடுத்துக்கொடுப்பது அவருடைய வேலையாகவே இருக்கட்டும். படுகர்களின் மொழியான படுகு பேசும் வீடுகளில் வாசிப்பு தமிழில், பேச்சும் ஜெபமும் படுகில் என்று வைத்துக்கொண்டால் பாட்டிமாரும் பேரப்பிள்ளைகளும் இயல்பாகப் பேசுவார்கள்.

வாசிப்பவர் பகலிலேயே ஒருமுறை சத்தமாகப் படித்துப் பார்த்திருக்கவேண்டும். 'சேஷ்டபுத்திரபாகம்' (மூத்த மகனுக்குரிய உரிமை) மாதிரிச் சொற்களில் பத்தாம் வகுப்புப் பிள்ளையே தடுக்கி விழும். கூடப்பிறந்தவன் சிரிப்பான், மறுநாள் முதல் அந்தப் பிள்ளை வாசிக்கவே மாட்டேன் என்னும். நீளமான சொல்லைப் பென்சிலால் பிரித்து வைத்தால் இந்த வம்பு இல்லை.

பேச்சுதான் சாரம் உள்ள இடம். பெரும்பாலான வீடுகளில் கெட்டுப்போவதும் இதுதான். அப்பா விளக்கம் சொல்ல ஆரம்பிக்கிறார், அது பதினைந்து நிமிடப் பிரசங்கம் ஆகிறது. அல்லது 'இதிலிருந்து நாம் கற்றுக்கொள்வது என்ன?' என்று கேட்கிறார். 'கீழ்ப்படியணும்' என்று பதில் வருகிறது. எந்தப் பகுதியைப் படித்தாலும் அதே பதில்தான். கேள்வியிலேயே பதில் இருப்பது பிள்ளைகளுக்குத் தெரிந்துவிட்டது.

வேறு மூன்று கேள்விகள் போதும். என்ன நடந்தது? எது விசித்திரமாக இருக்கிறது? இதைப் படித்தபிறகு ஆண்டவரிடம் என்ன சொல்லத் தோன்றுகிறது?

மாற்கு 4:35 முதல் 41 வரை எடுத்துக்கொள்வோம், ஏழே வசனம். முதல் கேள்விக்குப் புயல், படவு, அலை என்று பதில் வரும். இரண்டாவதில் நிதானியுங்கள். சின்னப் பிள்ளை யாராவது, 'அவரு தலகாணி வெச்சுத் தூங்கினாராமே, தண்ணிக்குள்ளே எப்படித் தூக்கம் வந்தது?' என்று கேட்கும். மத்தேயுவும் லூக்காவும் இதே நிகழ்ச்சியைச் சொல்கிறார்கள், ஆனால் தலையணை மாற்குவில் மட்டும்தான் இருக்கிறது. அந்தக் கேள்விக்கு உடனே பதில் சொல்லிவிடாதீர்கள். 'அவருக்குக் களைப்பு இருந்திருக்குமோ?' என்று திருப்பிக் கேளுங்கள். கொழுந்துப் பையைத் தூக்கிவிட்டு வந்து உட்கார்ந்தபடியே தூங்கிவிடும் அம்மா பக்கத்தில் இருக்கும்போது அந்தக் கேள்விக்கு விளக்கம் தேவைப்படாது. 36-ஆம் வசனத்தில் வேறு படவுகளும் கூட இருந்தன என்று வருகிறதே, அவர்கள் கதி என்ன ஆயிற்று என்று மூத்த பிள்ளை கேட்டால் பாராட்டுங்கள். மாற்கு அதைச் சொல்லவில்லை என்று ஒப்புக்கொள்வதும் நல்ல பதில்தான். 'நாங்கள் மடிந்துபோகிறது உமக்குக் கவலையில்லையா' என்று சீஷர்கள் கேட்ட அதே கேள்வியை, கடன்காரர் வந்துபோன ராத்திரியில் அப்பாவும் கேட்கலாம் என்பதைப் பிள்ளைகள் அறிந்துகொண்டால் அன்றைய வாசிப்பு வீணில்லை.

கேட்டபிறகு மனதுக்குள் பத்து எண்ணுங்கள். ஐந்தில் பொறுமை போய், கேட்டவரே பதில் சொல்லிவிடுவதுதான் வழக்கம். பதிலே வராவிட்டால் பரவாயில்லை, ஜெபத்துக்குப் போய்விடுங்கள்.

ஜெபத்தில் ஆளுக்கு ஒரு வாக்கியம் போதும். நோட்டு ஒன்றில் தேதி, யாருக்காக, பிறகு என்ன நடந்தது என்று மூன்று பத்தி போட்டு எழுதிவைத்தால் ஒரே ஜெபம் தேய்ந்துபோன ரெக்கார்டு மாதிரி சுற்றாது. பிள்ளைகளைத் திட்டுவதை ஜெபத்துக்குள் கொண்டுவராதீர்கள். 'ஆண்டவரே, இவன் போனைக் கீழே வைக்க உதவி செய்யும்' என்பது பரலோகத்துக்குப் போவதில்லை, நேராக மகன் காதுக்குத்தான் போகிறது. அவனுக்கும் அது தெரியும். எஸ்டேட்டில் ஒட்டி ஒட்டிக் கட்டிய லைன் வீடுகளில் இன்னொரு எச்சரிக்கை: சுவருக்கு அந்தப் பக்கம் எல்லாம் கேட்கும். அண்ணன் வீட்டுச் சண்டையையும் சீட்டுப் பணத்தையும் பெயர் சொல்லி ஜெபித்தால் மறுநாள் எடை போடும் இடத்தில் அதுதான் பேச்சு. 'ஆண்டவருக்குத் தெரிந்த அந்தக் காரியம்' என்றால் போதும்.

கோவையிலும் திருப்பூரிலும் வேலை பார்க்கும் பிள்ளைகளை வீடியோ காலில் சேர்க்க முயன்றால், எஸ்டேட் சிக்னலில் பாதி நேரம் 'கேக்குதா, கேக்குதா' என்பதிலேயே போகும். மத்தியானமே பகுதி எண்ணை வாட்ஸ்அப்பில் அனுப்பிவிடுங்கள். அங்கே அவர்கள் படித்து, இரண்டாம் கேள்விக்கான பதிலைக் குரல் பதிவாக அனுப்பினால், ஜெப நேரத்தில் போட்டுக் கேட்கலாம்.

ஒரு வாரம் விட்டுப்போனால் பாக்கியைச் சேர்த்துப் படிக்கவேண்டாம். பைபிளில் வைத்த அடையாள நாடா எங்கே இருக்கிறதோ அங்கிருந்து தொடருங்கள். வரிசை பார்க்காமல் அந்தந்த நாளுக்கு ஏற்றதை நடுவில் செருகுவதும் நல்லதே. தேயிலைக் கொழுந்து பனியில் கருகிக் கிடக்கும் ஜனவரிக் காலையில் 147-ஆம் சங்கீதம் படித்துப் பாருங்கள். 'அவருடைய குளிருக்கு முன்பாக நிற்பவன் யார்?' என்று 17-ஆம் வசனம் கேட்கிறது. கேத்திப் பள்ளத்தாக்கில் இருப்பவர்களுக்கு அதற்கு அர்த்தம் சொல்லவேண்டியதில்லை.

டிசம்பருக்கு

லூக்காவில் 24 அதிகாரம் இருப்பதால், டிசம்பர் முதல் தேதியிலிருந்து 24 வரை தேதிக்கு ஓர் அதிகாரம் என்று பலர் தொடங்கி, முதல் நாளே மாட்டிக்கொள்கிறார்கள். முதல் அதிகாரத்துக்கு 80 வசனம். அதை 1-25, 26-38, 39-56, 57-80 என்று நான்காகப் பிரித்து நவம்பர் 28-லேயே தொடங்குங்கள். டிசம்பர் 1-ல் முதல் அதிகாரம் முடிந்து, 2-ஆம் தேதி முதல் தேதியும் அதிகாரமும் ஒத்துப்போகும். அதன்பிறகு அதிகாரம் முழுவதையும் படிக்காமல் ஒரே ஒரு நிகழ்ச்சியை எடுங்கள்: 10-ல் நல்ல சமாரியன், 15-ல் கெட்ட குமாரன், 19-ல் சகேயு. வீடு வீடாகக் கிறிஸ்துமஸ் பாட்டுப் பாடிவரும் கேரல் ரவுண்ட்ஸ் வரும் ராத்திரிகளில் ஐந்து வசனம் போதும். 24-ஆம் தேதி எம்மாவு ஊருக்குப் போகும் வழி, 13 முதல் 35 வரை. அன்று கேக், பலகாரம், துணி தைத்து வாங்குவது என்று வீடு அமளிப்படும், ஆகவே சாயங்காலம் ஐந்து மணிக்கே முடித்துவிடுங்கள். பிறப்பின் கதை 2-ஆம் தேதியே போய்விட்டதே என்று பிள்ளைகள் குறைப்படுவார்கள். லூக்கா 2:1-20-ஐ 25 காலை, ஆராதனை முடிந்து வந்து டீ கொதிக்கும் நேரத்தில் கடைசிப் பிள்ளையை வாசிக்கச் சொல்லுங்கள்.