இரண்டுங்கெட்டான் பையனை எங்கே நிறுத்துவது? ஹைப்ரிட் டிஃபெண்டர், படிப்படியாக

அமெரிக்கன் ஃபுட்பாலில் ஆள் பிடிக்கும் ஸ்கவுட்டுகள் ஒரு காலத்தில் சில பையன்களைப் பார்த்து 'ட்வீனர்' என்று குறித்துவிட்டு அடுத்த பெயருக்குப் போய்விடுவார்கள். முன்வரிசைக்குப் பின்னால் நின்று ஓட்டத்தைத் தடுக்கும் லைன்பேக்கராக ஆட எடை போதாது, கடைசி வரிசையில் நின்று பாஸைக் காக்கும் சேஃப்டியாக ஆட வேகம் போதாது. நம் பேச்சில் இரண்டுங்கெட்டான். இன்று அதே பையனை, புது வீரர்களை அணிகள் முறைவைத்து எடுக்கும் டிராஃப்ட்டின் முதல் சுற்றிலேயே அள்ளிக்கொண்டு போகிறார்கள். பெயர் மட்டும் ஹைப்ரிட் என்று மரியாதையாகிவிட்டது.

மகனின் பள்ளி அணிக்குக் கைகொடுக்கப் போய் மாட்டிக்கொண்ட அப்பாக்களுக்கும், மேடன் வீடியோ கேமில் டிஃபென்ஸ் அமைக்கத் தெரியாமல் அடிவாங்குகிறவர்களுக்கும் இந்தப் பதிவு. டவுன், ஸ்னாப், டச்டவுன் தெரிந்தால் போதும்.

படி 1: எதிரில் யார் இறங்குகிறார்கள் என்று எண்ணுங்கள்

ஆஃபென்ஸில் 11 பேர். லைனில் ஐந்து பேர், பந்தை வீசும் குவார்ட்டர்பேக் ஒருவர். மீதி ஐந்து பேரை இரண்டு இலக்கத்தில் சொல்வார்கள். முதல் இலக்கம் பந்தை வாங்கி ஓடும் ரன்னிங் பேக் எத்தனை பேர் என்பது, அடுத்தது டைட் எண்ட் (லைன் ஓரத்தில் நின்று இடித்துத் தடுக்கவும் செய்வான், பாஸும் பிடிப்பான்). '11' என்றால் இரண்டிலும் ஒவ்வொருவர், மீதி மூவர் பாஸ் பிடிக்கும் ரிசீவர். '12' என்றால் டைட் எண்ட் இருவர், ரிசீவர் இருவர். அமெரிக்கத் தொழில்முறை லீகான என்.எஃப்.எல்.லில் இப்போது அதிகம் கண்ணில் படுவது 11.

பழைய 4-3 டிஃபென்ஸில் முன்வரிசையில் நாலு பேர், நடுவில் மூன்று லைன்பேக்கர், பின்னால் நாலு பேர். மூன்றாவது ரிசீவர் ஸ்லாட்டில் (லைனுக்கும் ஓர ரிசீவருக்கும் இடைப்பட்ட இடம்) வந்து நின்றால் அவனை யார் பார்ப்பது? 240 பவுண்டு லைன்பேக்கரை அனுப்பினால் பத்து கெஜத்தில் பின்தங்கிவிடுவான். அவனை வெளியே எடுத்து 190 பவுண்டு கார்னர்பேக்கை (ரிசீவரை ஒட்டி ஓடிக் காப்பவன்) நிக்கலாக, அதாவது பின்வரிசையின் ஐந்தாவது ஆளாக இறக்கினால் பாஸ் அடைபடும். ஆனால் அடுத்த ப்ளேயிலேயே பந்தை அந்தச் சின்னப் பையன் பக்கம் ஓட்டி, டைட் எண்டை விட்டு இடித்துத் தள்ளுவார்கள்.

ஹைப்ரிட் களத்தில் இருந்தால் எதிரணி 11 இறக்கினாலும் 12 இறக்கினாலும் நீங்கள் ஆள் மாற்ற வேண்டியதில்லை. ஆள் மாற்ற நேரம் தராமல் கடகடவென்று அடுத்த ஸ்னாப்புக்கு ஓடிவரும் அணிகளிடம் இதன் அருமை தெரியும்.

படி 2: ஆளைத் தேர்ந்தெடுங்கள்

சேஃப்டிகளிலிருந்து எடுங்கள். லைன்பேக்கரை இளைக்க வைத்து ஹைப்ரிட் ஆக்கலாம் என்று நிறையப் பேர் முயல்வார்கள். என் அனுபவத்தில் அது சரிப்படுவதில்லை. ஓட்டத்தை எதிர்கொள்ளச் சேஃப்டிக்குக் கற்றுக்கொடுக்கலாம். பின்னோக்கி ஓடிக்கொண்டே இடுப்பைத் திருப்புவதை 17 வயது லைன்பேக்கருக்குப் புதிதாகக் கற்றுக்கொடுப்பது பெரும்பாடு.

2014-இல் அரிசோனா கார்டினல்ஸ் இதைத்தான் செய்தது. முதல் சுற்றில் எடுத்த சேஃப்டி டியோன் புகனனை லைன்பேக்கர் இடத்தில் நிறுத்தி, அதற்கு 'மணிபேக்கர்' என்று பெயரும் வைத்தார்கள். அலபாமா பல்கலைக்கழகத்தில் இதே மாதிரி வேலைக்கு 'ஸ்டார்', மிச்சிகனில் முன்பு 'வைப்பர்', நோட்டர் டேமில் 'ரோவர்'. ஊருக்கு ஒரு பெயர். பெயரைக் கேட்டு மிரள வேண்டாம்.

மூன்று சோதனை வையுங்கள். டைட் எண்ட் கை வைத்துத் தள்ளும்போது அந்தக் கையைத் தட்டிவிட்டு வெளியே வருகிறானா? ஸ்லாட் ரிசீவரோடு 15 கெஜம் ஒட்டியே ஓடுகிறானா? பக்கத்தில் துணையில்லாத வெட்டவெளியில், பந்தோடு வருபவனை மடக்கிக் கீழே தள்ளுகிறானா? முதல் இரண்டில் சுமார் என்றாலும் சமாளிக்கலாம். மூன்றாவதில் தவறுகிறவன் வேண்டாம். அவன் நிற்கப்போகும் இடத்தில் ஒரு டேக்கிள் தவறினால் பின்னால் ஆளே இருக்காது.

படி 3: இடம்

4-2-5 அமைப்பிலிருந்து தொடங்குங்கள். லைனில் நாலு பேர், லைன்பேக்கர் இருவர், பின்னால் ஐந்து பேர். அந்த ஐந்தாவது ஆள்தான் நம் ஹைப்ரிட். பயிற்சியாளர் கேரி பேட்டர்சன் டி.சி.யூ. பல்கலைக்கழகத்தில் பல ஆண்டுகள் இந்த அமைப்பை வைத்துத்தான் பேர் வாங்கினார்.

களத்தின் நீளவாக்கில் இரண்டு வரிசையாகப் போகும் ஹேஷ் கோடு ஒன்றில் பந்து இருக்கும்போது ஒரு பக்கம் அகலமாகவும் மறுபக்கம் குறுகலாகவும் இருக்கும். ஹைப்ரிட்டை அகலப் பக்கம் நிறுத்துங்கள். பள்ளி மைதானங்களில் ஹேஷ் கோடுகள் களத்தை மூன்று சமபங்காகப் பிரிக்கும்; அதனால் அகலப் பக்கம் மிகவும் அகலம். என்.எஃப்.எல்.லில் அந்தக் கோடுகள் நடுவில் நெருக்கமாக இருப்பதால் வித்தியாசம் குறைவு. டிவியில் பார்த்ததை அப்படியே பள்ளி மைதானத்துக்குக் கொண்டுவராதீர்கள்.

ஸ்லாட் ரிசீவருக்கும் ஆஃபென்ஸ் லைனின் ஓரத்தில் நிற்கும் ஆளுக்கும் (அவனுக்கும் 'டேக்கிள்' என்றே பெயர்) நட்டநடுவில், சுமார் ஐந்து கெஜம் பின்தள்ளி நிற்கட்டும். இதற்கு ஏபெக்ஸ் என்று பெயர். ஓட்டம் அவன் பக்கம் வந்தால் வெளிக்கை எப்போதும் விடுபட்டே இருக்க வேண்டும். பிளாக் செய்ய வருபவனை உள்தோளால் வாங்கிக்கொண்டு, பந்தோடு வருபவனை உள்ளே, நம் ஆட்கள் இருக்கும் பக்கமாகத் திருப்பிவிட வேண்டும்.

படி 4: ஆர்.பி.ஓ. வலையில் விழாமல் காப்பாற்றுங்கள்

இந்தப் படிக்கு மட்டும் ஒரு வாரப் பயிற்சி ஒதுக்கினாலும் தகும்.

ஆர்.பி.ஓ. என்றால் ரன்-பாஸ் ஆப்ஷன்: ஓட்டமா பாஸா என்று குவார்ட்டர்பேக் ஸ்னாப்புக்குப் பிறகே முடிவெடுக்கும் ப்ளே. ஸ்னாப் ஆகிறது. குவார்ட்டர்பேக் பந்தை ரன்னிங் பேக்கின் வயிற்றில் வைக்கிறார், ஆனால் விடவில்லை. அவர் பார்வை உங்கள் ஹைப்ரிட் மேல். பையன் ஓட்டத்தைத் தடுக்க ஓரடி உள்ளே வைத்தானா, பந்தை வெளியே உருவி, அவன் விட்டுவந்த இடத்தில் குறுக்கே ஓடிவரும் ஸ்லாட் ரிசீவருக்கு வீசிவிடுவார். பையன் அசையாமல் நின்றானா, பந்தை ரன்னிங் பேக்கிடமே விட்டுவிடுவார். உள்ளே ஒரு ஆள் குறைவாக நீங்கள் மாட்டிக்கொள்வீர்கள். எப்படிச் செய்தாலும் பையன் செய்தது தப்பாகிவிடும். பெஞ்சிலிருந்து அவனைத் திட்டுவது அநியாயம். கேள்வியே அப்படி அமைக்கப்பட்டது.

விடை அவனிடம் இல்லை, பின்னால் நிற்கும் சேஃப்டியிடம் இருக்கிறது. முதல் வழி: ஹைப்ரிட் ஸ்லாட்டோடு தங்கிவிடட்டும், ஓட்டத்துக்குச் சேஃப்டி இறங்கட்டும். இரண்டாவது வழி எனக்கு ரொம்பப் பிடித்தது. ஸ்னாப் ஆனதும் ஹைப்ரிட் வேண்டுமென்றே உள்ளே பாய்கிறான். குவார்ட்டர்பேக் மனப்பாடமாகப் பந்தை உருவி ஸ்லாட்டுக்கு வீசுகிறார். அதே நொடியில் சேஃப்டி அந்த வழியில் இறங்கி வந்து நிற்கிறான். பந்து நேராக அவன் நெஞ்சுக்கு.

இரண்டையும் மாற்றி மாற்றிச் செய்தால் குவார்ட்டர்பேக் தன் கண்ணையே நம்ப மாட்டார்.

படி 5: ஒரே நிலை, வேறு வேறு வேலை

ஸ்னாப்புக்கு முன் ஹைப்ரிட் எப்போதும் ஒரே மாதிரி நிற்க வேண்டும். பிளிட்ஸ் (குவார்ட்டர்பேக்கை நோக்கிப் பாய்வது) என்றால் முன்னே நகர்வது, கவரேஜ் (பாஸைக் காப்பது) என்றால் பின்னே நகர்வது என்றிருந்தால் எதிரணி இரண்டாவது குவார்ட்டருக்குள் கண்டுபிடித்துவிடும்.

இதற்குப் பார்க்க வேண்டிய ஆள் பால்டிமோர் ரேவன்ஸின் கைல் ஹாமில்டன். 6 அடி 4 அங்குலம், 2022 டிராஃப்ட்டில் 14-ஆவது ஆள். சேஃப்டி என்றுதான் எடுத்தார்கள். ஸ்லாட்டிலும் நிற்பார், லைன் ஓரத்திலும் நிற்பார். 2023 செப்டம்பரில் கோல்ட்ஸுக்கு எதிராக ஓரத்திலிருந்து பாய்ந்து ஒரே ஆட்டத்தில் மூன்று சாக் (பந்தை வீசும் முன்பே குவார்ட்டர்பேக்கை வீழ்த்துவது). ஒரு சேஃப்டிக்கு அது சாதாரண எண்ணிக்கை இல்லை. (ஆட்டம் என்னவோ கூடுதல் நேரத்தில் 22-19 என்று கோல்ட்ஸுக்குப் போனது.) அந்த வீடியோ கிடைத்தால் ஸ்னாப்புக்கு முன்னால் நிறுத்திவைத்து, அவர் கால்களை மட்டும் பாருங்கள்.

படி 6: சுமையைக் குறையுங்கள்

எல்லாம் தெரிந்தவனாயிற்றே என்று எல்லாவற்றையும் அவன் தலையில் கட்டிவிடுவதுதான் பலரும் செய்யும் தவறு. ஐசையா சிம்மன்ஸ் கிளெம்சன் பல்கலைக்கழகத்தில் எங்கே நிறுத்தினாலும் ஆடினார். 2020-இல் கார்டினல்ஸ் அவரை எட்டாவது ஆளாக எடுத்து, இன்சைடு லைன்பேக்கராக இறக்கியது. முதல் ஆட்டத்திலேயே ஃபார்ட்டிநைனர்ஸின் ரஹீம் மோஸ்டர்ட் அவரைத் தாண்டி 76 கெஜ டச்டவுன் போட்டார். அதே சீசனில் சியாட்டிலுக்கு எதிராகக் கூடுதல் நேரத்தில் ரஸல் வில்சன் வீசிய பந்தைப் பறித்து வெற்றிக்கு வழிசெய்தவரும் அவர்தான். திறமை எங்கும் போய்விடவில்லை. ஆனாலும் 2023-இல் வெறும் ஏழாவது சுற்று டிராஃப்ட் வாய்ப்புக்கு ஈடாக அவரை ஜயண்ட்ஸுக்குக் கொடுத்துவிட்டார்கள். ஒரு இடத்தில் வேரூன்றும் முன்பே பிடுங்கிப் பிடுங்கி நட்டால் எந்தச் செடி பிழைக்கும்?

உங்கள் பையனுக்கு முதல் மாதம் இரண்டே வேலை கொடுங்கள்: ஓட்டத்தின் ஓரத்தைக் கட்டுவது, ஸ்லாட் பக்கம் குட்டைப் பாஸை அடைப்பது. இரண்டும் யோசிக்காமல் வந்த பிறகு பிளிட்ஸ். டைட் எண்டோடு மேன் கவரேஜ் (அவனை மட்டுமே விடாமல் ஒட்டி ஓடுவது) எல்லாம் அதற்கும் அப்புறம்.

படி 7: எண்ணிப் பாருங்கள்

ஆட்டம் முடிந்ததும் வீடியோவில் அவனை மட்டும் பின்தொடருங்கள். ஒரு தாளில் மூன்று பத்தி: எங்கே நின்றான், என்ன வேலை கொடுத்தோம், முதல் அடி எந்தப் பக்கம் வைத்தான். முதல் அடி தப்பிய ப்ளேக்களை வட்டமிடுங்கள். அவை பெரும்பாலும் ஒரே வேலையில் வந்து விழும். அடுத்த ஆட்டத்துக்கு அந்த வேலையை அவனிடமிருந்து எடுத்துச் சேஃப்டியிடம் கொடுத்துவிடுங்கள்.