ஹவாய்க்குப் போகும் நம்ம ஊர்க்காரர்களே, மண்டல எண்ணைக் கேட்டுவிட்டு வீடு பாருங்கள்

எதிர்வீட்டுத் தம்பிக்கு ஹவாயில் ஹீலோ நகரத்தில் வேலை கிடைத்திருக்கிறது. "அக்கா, அங்கே வீடு எப்படி?" என்று ஊமச்சிகுளத்தில் எங்கள் அம்மா வீட்டுத் திண்ணையில் வந்து உட்கார்ந்தான். அவனிடம் சொன்னதையே எழுதுகிறேன்.

சோசியல் செக்யூரிட்டி எண், வங்கிக் கணக்கு, ஓட்டுநர் உரிமம் எல்லாம் அமெரிக்கா முழுக்க உள்ள நடைமுறைதான். அலுவலகத்திலேயே சொல்லித் தருவார்கள்.

வீடுதான் விஷயம். இங்கே இடம் வாங்கினால் பட்டா பார்ப்போம், வில்லங்கம் போட்டுப் பார்ப்போம், கண்மாய்ப் புறம்போக்கா என்று நாலு பேரிடம் விசாரிப்போம். ஹவாயில் லெய்லானி எஸ்டேட்ஸ் என்ற குடியிருப்பில் நாங்கள் வாங்கியபோது பத்திரம் சுத்தமாக இருந்தது. ஹீலோவைவிட விலை வெகு குறைவு. ஏன் குறைவு என்று கேட்காமல் விட்டோம்.

அமெரிக்கப் புவியியல் ஆய்வு நிறுவனம் ஹீலோ இருக்கும் தீவை 9 லாவா (எரிமலைக் குழம்பு) ஆபத்து மண்டலங்களாகப் பிரித்திருக்கிறது. 1தான் மிக மோசம். ஹீலோ பெரும்பாலும் 3. எங்கள் வீடு 1. கீலவேயா எரிமலையின் உச்சி சுமார் 40 கி.மீ. தள்ளி இருக்கிறதே என்று தைரியமாக இருந்தோம். லாவாக் குழம்பு நிலத்தடியிலேயே நகர்ந்து வந்து தெருவைப் பிளந்துகொண்டு கிளம்பும் என்று யாரும் சொல்லவில்லை. 2018 மே 3 மாலை அப்படித்தான் கிளம்பியது. மொத்தம் 24 பிளவுகள், 700க்கும் மேற்பட்ட வீடுகள் போயின.

எங்களைக் கவிழ்த்தது காப்பீடு. "தீ விபத்துக்கு உண்டு" என்றார் முகவர். லாவாவால் பிடிக்கும் தீ கிடையாது என்று பாலிசியின் உள்பக்கத்தில் இருந்ததை நாங்கள் படிக்கவே இல்லை. ஒரு டாலர்கூட வரவில்லை. இன்றும் நினைத்தால் வயிறு எரிகிறது. தம்பி, எதற்கெல்லாம் பணம் கிடையாது என்ற பக்கத்தை முதலில் படி. 1, 2 மண்டலங்களில் பல கம்பெனிகள் பாலிசியே தருவதில்லை. அதற்காகவே 1991இல் மாநிலச் சட்டத்தின்படி ஹவாய் சொத்துக் காப்பீட்டுச் சங்கம் வந்தது. அங்கே விசாரி. அதைவிட, முதல் வருடம் ஹீலோவிலேயே வாடகைக்கு இரு.

லெய்லானி இருக்கும் புனா பக்கம் குடிக்க மழைத்தண்ணீர்த் தொட்டிதான். எரிமலைப் புகையால் மழை அமிலமாகிக் கூரையிலும் குழாயிலும் உள்ள ஈயத்தைக் கரைக்கும். சோதிக்காமல் குடிக்காதே.

பாஸ்போர்ட், விசாத் தாள்கள், நகை எல்லாம் ஒரே பையில் வாசலருகே இருக்கட்டும். நாங்கள் அவற்றை எடுத்துவிட்டோம். புதுமண்டபத்தில் அம்மா வாங்கித் தந்த குத்துவிளக்கு பூசை அறையிலேயே நின்றுவிட்டது. அதை இன்னும் அம்மாவிடம் சொல்லவில்லை.