4066 ஐசியால் கமரா மாற்றுகிறீர்களா?

கிளிநொச்சியில் தெரிந்தவரின் கடைக்கு இரண்டு பழைய அனலொக் கமராக்கள், ஒரு ரிவி, சோலர் பற்றரி. கமராக்களை மாறி மாறிப் பார்க்க, கையில் கிடந்த 4066 ஐசியை (உள்ளே நான்கு மின்சுவிட்சுகள் உள்ளது) போட்டுக் கொடுத்தேன். படம் வந்தது, மத்தியானக் காட்சியும் மம்மல் பொழுதாகத் தெரிந்தது.

அந்த ஐசி 'ஒன்' ஆன பிறகும் உள்ளே நூறு ஓமுக்கு மேல் தடை இருக்கும். 5 வோல்ற்றில் ஓடவிட்டால் சில நூறு ஓம். வீடியோ வயரும் ரிவியும் 75 ஓமுக்குச் செய்தவை. நடுவில் 125 ஓம் நின்றால் சிக்னலில் பாதிக்குச் சற்று மேல்தான் மிஞ்சும். ஆகவே ரிவியை ஐசியில் நேரே கொழுவாதீர்கள். கமரா வயரை ஐசிக்கு முன்பே 75 ஓம் ரெசிஸ்ரரில் முடியுங்கள். ஐசிக்குப் பின்னால் இரண்டு மடங்கு பெருக்கும் வீடியோ அம்பிளிஃபயரும், அதன் வெளிவாசலில் இன்னொரு 75 ஓமும் வேண்டும்.

சரி, மங்கல் போனது. அப்புறம் வெயில் ஏறினால் மட்டும் படம் உருண்டது! இரண்டு நாள் ரிவியைத்தான் திட்டினேன். கப்பாசிற்றர் வழியாக வரும் வீடியோவில் வெள்ளை கூடக் கூட, படத்தை உருளாமல் பிடித்து வைக்கும் ஒத்திசைவுத் துடிப்பு பூச்சியத்துக்குக் கீழே இறங்கும். ஒற்றைப் பற்றரியில் ஓடும் ஐசி அதை வெட்டிவிடும். சம அளவான இரண்டு ரெசிஸ்ரர்களால் ஐசியின் உள்ளீட்டை அதன் சப்ளையில் பாதி வோல்ற்றுக்கு உயர்த்தினேன், உருளல் நின்றது.

அடுத்த கமராவின் நிழல் தெரிந்தால் அது 'ஓஃப்' சுவிட்சின் கசிவு. 4.43 மெகாஹேர்ட்ஸ் நிறச் சிக்னல்தான் முதலில் கசியும். இரண்டு சுவிட்சைத் தொடராகப் போட்டு, 'ஓஃப்' நேரத்தில் நடுப்புள்ளியை மூன்றாவதால் எர்த் பண்ணுங்கள்.

12 வோல்ற்றில் ஓடும் 4066ஐ 5 வோல்ற் கட்டுப்பாட்டுச் சிக்னலால் முழுதாக 'ஒன்' ஆக்க முடியாது. அதற்குப் பதிலாக அதே ஐசியின் 74 எச்.சி. வகையைப் போட்டால் போச்சு: அதில் பல 12 வோல்ற்றைத் தாங்காது.

கொக்காவில் ஒளிபரப்புக் கோபுரத்தைப் பார்த்து நிற்கும் அன்ரனாவுக்கும் இந்த ஐசி உதவாது. சில நூறு மெகாஹேர்ட்ஸில் 'ஓஃப்' என்பது பேருக்குத்தான். அங்கே 'பின்' (PIN) டயோட், அதாவது உயர் அதிர்வெண்ணில் சுவிட்சாக வேலை செய்யும் டயோட், வேண்டும்: 'ஒன்' ஆக்க சில மில்லிஅம்பியர், 'ஓஃப்' ஆக்க எதிர் வோல்ற், டிசி கலக்காமல் இரு பக்கமும் கப்பாசிற்றர். டிஷ் வயரில் மட்டும் அதைச் செருகாதீர்கள். அந்த வயர் வழியேதான் 13 அல்லது 18 வோல்ற் மேலே போகிறது; கப்பாசிற்றர் அதை மறித்தால் டிஷ் தலை வேலை செய்யாது.